பல்லைக் கடித்தது போதும், வாய் திறந்து பேசுவோம்



இந்த மாதப் பாடம் பல்லைப் பற்றியது. "பல்லு விளக்குறதைப் பத்தி ஸ்கூல் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க, எங்களுக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது பல் விளக்கும் பாடம் இல்லை. பல் கடிக்கும் பாடம். ராத்திரி தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பதும், பகலில் நமக்கே தெரியாமல் தாடையை இறுக்கி வைத்திருப்பதும் நம் மனசோடு எப்படிச் சம்பந்தப்பட்டது என்று பார்க்கப் போகிறோம்.

குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் எல்லோரும் சேர்ந்து செய்து பார்க்க ஒரு செய்முறையும் இருக்கிறது. கீழே வரும் கூட்டம் பாடத்துக்காக எழுதியது. ஆனால் படித்து முடித்ததும் உங்கள் குழுவில் ஒரு முகம் கட்டாயம் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு குழுக் கூட்டம்

சூளகிரி பக்கம் ஒரு கிராமம். சேமிப்புப் பணம் வசூல் ஆகிவிட்டது. உள்கடன் கேட்பவர்கள் கேட்கலாம் என்று ஊக்குநர் சொன்னார்.

"அக்கா, எனக்கு ரெண்டாயிரம் வேணும்."

"எதுக்கும்மா?"

"பல்லு புடுங்கணும்."

"போன மாசம்தானே ஒண்ணு புடுங்கிட்டு வந்தே?"

"அது போச்சு, வலி போகலக்கா. இப்ப பக்கத்துப் பல்லா இருக்கும்னு தோணுது. காலைல எழுந்தா வாயே திறக்க வரல. ரெண்டு பக்கமும் நெத்திப்பொட்டுல இடிக்குது."

அவருடைய மாமியாரும் அதே குழுவில் உறுப்பினர். அவர் சொன்னார்: "ராத்திரியெல்லாம் எலி கொறிக்கிற மாதிரி சத்தம். ராகி மூட்டையில எலி பூந்துட்டுதுன்னு லைட்டைப் போட்டுப் பார்த்தேன். எலியும் இல்ல ஒண்ணும் இல்ல. இவதான் பல்லைக் கடிச்சிக்கிட்டுத் தூங்கறா."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

ஊக்குநர் நோட்டை மூடி வைத்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?" என்று கேட்டார்.

"தக்காளி விலை போனதிலிருந்து. பறிக்கிற கூலிக்குக் கூட கட்டல. வெளியில ரெண்டு இடத்துல வாரத் தவணை. பொண்ணு கம்பெனி பஸ்ல ஷிப்ட் முடிஞ்சு வர்றவரைக்கும் கண்ணு மூட முடியல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லி என்னக்கா ஆகப்போகுது? பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

சகோதரிகளே, அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தரம் படியுங்கள். "பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு" என்று நம் அம்மா சொன்னார், அத்தை சொன்னார், நாமும் நம் பெண்ணுக்குச் சொல்கிறோம். கஷ்டத்தைப் பொறுத்துக்கொள் என்பதற்கு நாம் சொல்லும் வார்த்தையே அதுதான். பகலில் பொறுத்துக்கொண்டது ராத்திரியில் நிஜமாகவே பல்லைக் கடிக்க வைக்கலாம் என்பதுதான் இந்தப் பாடம்.

பல் கடிப்பது என்றால் என்ன?

சாதாரணமாக நம் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் மட்டும்தான் தொடும். ஒரு நாள் முழுக்க அந்த நேரத்தைக் கூட்டினாலும் அரை மணி கூட வராது. மற்ற நேரமெல்லாம் உதடு சேர்ந்திருக்கும், பல் பிரிந்திருக்கும்.

இந்த ஓய்வு இல்லாமல் தாடைத் தசை தானாகவே இறுகி வேலை செய்வதைத்தான் பல் கடித்தல் என்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு.

1. தூக்கத்தில் கடிப்பது. நறநறவென்று அரைப்பதும் உண்டு, சத்தமில்லாமல் இறுக்குவதும் உண்டு. பெரியவர்களில் 100 பேரில் சுமார் 8 பேருக்கு இது இருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் சொன்னால்தான் பல பேருக்குத் தெரியும்.

2. விழித்திருக்கும்போது கடிப்பது. இது பெரும்பாலும் சத்தமில்லாத இறுக்கம். பாரம் தூக்கும்போது, கோபத்தை அடக்கும்போது, கம்பெனியில் சின்னச் சின்ன பாகங்களை உற்றுப் பார்த்துப் பொருத்தும்போது, தவணை நாள் நெருங்கும்போது நாம் தாடையை இறுக்குகிறோம். இது தூக்கத்தில் கடிப்பதை விட அதிகம் பேருக்கு இருக்கிறது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

செய்து பாருங்கள்

இரண்டு கை விரல்களையும் காதுக்குக் கீழே, தாடை மூலையில் வையுங்கள். பல்லை இறுக்கிக் கடியுங்கள். விரலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று எழும்புகிறதா? அதுதான் மெல்லும் தசை. உடம்பில் பலமான தசைகளில் அதுவும் ஒன்று. இப்போது விரலை நெற்றிப்பொட்டில் வைத்துக் கடியுங்கள். அங்கேயும் அசையும். பல் கடிப்பவருக்குக் காலையில் நெற்றிப்பொட்டில் ஏன் வலிக்கிறது என்று இப்போது புரியும்.

பல்லை விடுங்கள். உதட்டை லேசாக மூடுங்கள். நாக்கின் நுனி மேல் பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் தொட்டு நிற்கட்டும். மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். தாடை தொங்கினாற்போல் இருக்கிறதா? அதுதான் தாடையின் ஓய்வு நிலை. இப்படி உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள்.

மனசுக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்?

பயம், கவலை, கோபம் வரும்போது உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. நெஞ்சு படபடக்கும், கை இறுகும், தாடையும் இறுகும். ஆபத்து போனதும் உடம்பு தளர வேண்டும். ஆனால் கடன் கவலை ஒரு மணி நேரத்தில் போய்விடுவதில்லை. வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் புருஷன் ஒரு நாளோடு திருந்திவிடுவதில்லை. ராகிக் கொல்லையில் யானை இறங்குமோ என்ற பயம் விடியும்வரை இருக்கிறது. அதனால் உடம்பு தளராமலே படுக்கைக்குப் போகிறது.

தூக்கத்தில் நாம் அறியாமலே பல தடவை அரை விழிப்பு வந்து போகும். அந்த நேரத்தில் முதலில் இதயத் துடிப்பு ஏறுகிறது, அதன் பிறகே தாடை அசைகிறது என்று தூக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இதற்குப் பல் காரணம் இல்லை. பல் அடி வாங்குகிற இடம், அவ்வளவுதான். வீட்டுச் சண்டைக்குக் கதவு உடைகிற மாதிரி.

உலகம் முழுக்க இதைக் கண்ணால் பார்த்த காலம் கொரோனா காலம். வேலை போனது, நோய் பயம், வீட்டுக்குள் அடைப்பு. 2021 தொடக்கத்தில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் கேட்டபோது, 10 பல் மருத்துவர்களில் 7 பேர், பல் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

ஆனால் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பல் கடிப்பவர் எல்லோருக்கும் மனநோய் என்று அர்த்தம் இல்லை. மனக்கவலைக்கும் பகலில் தாடை இறுக்குவதற்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. தூக்கத்தில் கடிப்பதற்குக் கவலை மட்டுமே காரணம் இல்லை. குறட்டையும் மூச்சடைப்பும், புகையிலை, சாராயம், நிறைய காபி டீ, பரம்பரை ஆகியவையும் காரணமாகலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் பல் கடிப்பு வரலாம். அப்படித் தோன்றினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள், அவர் மாற்றித் தருவார்.

"வயித்துல பூச்சி இருந்தா பல்லு கடிக்கும்" - உண்மையா?

குழந்தை பல் கடித்தால் பாட்டி உடனே சொல்வது இதுதான். பூச்சி மாத்திரை கொடுப்பது நல்லதுதான். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும்போது தவறாமல் போடச் சொல்லுங்கள். ஆனால் பல் கடிப்புக்குப் பூச்சிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்குப் பல் கடிப்பது சகஜம். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனாலும் மாத்திரையோடு விட்டுவிடாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டுத் தூங்குகிறதா? பள்ளியிலோ வீட்டிலோ எதையாவது பார்த்துப் பயந்திருக்கிறதா? நாம் ராத்திரி போடும் சண்டையைக் குழந்தை தூங்குவது போல் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அடையாளங்கள்

கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்று இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

- காலையில் எழும்போது தாடை களைப்பு, வலி, வாய் திறக்கச் சிரமம்
- காலையில் நெற்றிப்பொட்டில் தலைவலி
- பல்லின் மேடு தேய்ந்து தட்டையாகிவிடுவது, ஓரம் உடைவது
- சொத்தை இல்லாமலே குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம்
- கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம்
- வாய் திறந்து மூடும்போது காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்ற சத்தம்

தேய்ந்த பல் எல்லாம் கடித்ததால் தேய்ந்தது இல்லை. செங்கல் தூள், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், பாக்கு மென்றாலும் பல் தேயும். நம் மாவட்டத்தில் பல பேர் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. அது தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால் வந்தது, பல் கடிப்பால் வந்தது இல்லை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-ல் தண்ணீர் விட்டார்கள்.

பல்லின் மேல் உள்ள எனாமல் நகம் போல இல்லை. தேய்ந்தால் திரும்ப வளராது. அதனால்தான் சீக்கிரம் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. முதல் வேலை: பல்லைப் பிடுங்கச் சொல்லி நீங்களே முடிவு செய்யாதீர்கள். தசை வலிக்கும்போது பல் வலிப்பது போலவே தெரியும். நல்ல பல்லைப் பிடுங்கினால் பல் போகும், வலி இருக்கும். ஒன்று, இரண்டு என்று பல்லும் போய்க் கடனும் ஏறும்.

2. ஸ்டிக்கர் பொட்டு வைத்தியம். ஒரு பாக்கெட் பொட்டு வாங்குங்கள். கண்ணாடியில் ஒன்று, தண்ணீர்க் குடத்தில் ஒன்று, செல்போனில் ஒன்று ஒட்டுங்கள். பொட்டு கண்ணில் படும்போதெல்லாம் "உதடு சேர்ந்து, பல் பிரிந்து" என்று சொல்லித் தாடையைத் தளர்த்துங்கள். பகல் இறுக்கம் நம் பழக்கம். பழக்கத்தை ஞாபகத்தால்தான் மாற்ற முடியும்.

3. படுக்கும் முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தாடையில் 10 நிமிடம் வையுங்கள். விரலால் மெதுவாக வட்டமாகத் தேய்த்துவிடுங்கள்.

4. வலி இருக்கும் நாட்களில் களி, குழைந்த சாதம் போன்ற மெத்தென்ற சாப்பாடு போதும். கரும்பு, வறுத்த கடலை வேண்டாம்.

5. சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீயைக் குறையுங்கள். புகையிலையை விட முயற்சி செய்யுங்கள்.

6. நைட் ஷிப்ட் போகும் பிள்ளைகள் பகலில் தூங்கும்போது ஜன்னலை மூடி இருட்டாக்கிக் கொடுங்கள். "பகல்ல என்ன தூக்கம்?" என்று எழுப்பாதீர்கள்.

7. பல் மருத்துவர் அளவு எடுத்து 'நைட் கார்டு' என்று ஒரு உறை செய்து கொடுப்பார். ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது பல்லைத் தேயாமல் காப்பாற்றும். ஆனால் கவலையை அது தீர்க்காது. கொட்டும் மழையில் குடை மாதிரி; நனையாமல் இருக்கலாம், மழை நிற்காது.

மனசுக்கு மருந்து கேட்பதில் வெட்கம் ஏன்?

"பல்லு வலி" என்று சொல்ல நமக்குக் கூச்சம் இல்லை. "மனசு சரியில்ல" என்று சொல்லத்தான் கூச்சம். பைத்தியம் என்பார்களோ, பெண்ணுக்கு வரன் வராதோ என்று பயம். அதனால் வயிற்றுவலி, தலைவலி, பல்வலி என்று உடம்பைக் காட்டி மனசை மறைக்கிறோம்.

பெங்களூரில் ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. பெரியவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலக் குறை இருந்தது. அவர்களில் 10 பேரில் 7 பேருக்கு மேல் சிகிச்சை போய்ச் சேரவே இல்லை. அப்படியென்றால் 15 பேர் உள்ள நம் குழுவிலும் ஒருவராவது இருக்கலாம்.

பல் கடிப்போடு கூட, இரண்டு வாரத்துக்கு மேல் இவையும் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்: எதிலும் பிடிப்பு இல்லாமை, தூக்கமின்மை, பசியின்மை, காரணமில்லாத அழுகை, "நான் எதுக்கும் உதவாதவ" என்ற நினைப்பு.

"செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். "அப்படி நினைப்பு வருதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

எங்கே போவது?

- பல்லுக்கு: அரசு மருத்துவமனையிலும், பெரிய ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் மருத்துவர் உண்டு. எந்த நாளில் இருப்பார் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.
- மனசுக்கு: 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022-ல் தொடங்கிய இலவச மனநல ஆலோசனை எண். இரவும் பகலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையும் உண்டு.
- வீட்டில் அடி உதை, கொடுமை என்றால்: 181, பெண்கள் உதவி எண்.
- வீட்டு வாசலிலேயே: மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது நம் சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் பார்க்க வரும் தன்னார்வலர்களில் பலரும் நம்மைப் போன்ற குழுப் பெண்களே. "பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டதோடு அனுப்பிவிடாமல், "தூக்கம் வரல, தாடை வலிக்குது" என்பதையும் சொல்லுங்கள்.

கடன் கவலைக்கும் ஒரு தகவல். ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த நுண்கடன் விதிப்படி, வசூல் செய்பவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்யக்கூடாது. மிரட்டவும் கெட்ட வார்த்தை பேசவும் கூடாது. மீறினால் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் புகார் செய்யலாம். தனியாக முடியாவிட்டால் கூட்டமைப்பில் சொல்லுங்கள்.

அந்தக் கூட்டம் எப்படி முடிந்தது?

பல் பிடுங்க உள்கடன் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஊக்குநரும் இன்னொருவரும் அந்தப் பெண்ணோடு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். பல் மருத்துவர் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பல்லு நல்லாத்தான் இருக்கு. நீங்க தூங்கறீங்களாம்மா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவரைக் கேட்டதில்லை.

குழுவில் அவருடைய உள்கடன் தவணையை மூன்று மாதம் தள்ளி வைத்தார்கள். வெளிக்கடன் எவ்வளவு என்று முதல் தடவையாகத் தாளில் எழுதி, புருஷனையும் உட்கார வைத்துக் கணக்குப் போட்டார்கள். பெண் பஸ் ஏறியதும் அம்மாவுக்குப் போன் செய்வது என்று ஏற்பாடு. 14416-க்கு அவரே இரண்டு தடவை பேசினார்.

தக்காளி விலை ஏறவில்லை. கடனும் ஒரே நாளில் தீரவில்லை. இப்போதும் சில ராத்திரி பல்லைக் கடிக்கிறார். ஆனால் காலையில் வாய் திறக்க முடிகிறது. "எலி கொறைஞ்சிருக்கு" என்று மாமியார் சொல்கிறார். அந்தப் பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது.

நம் பழைய தர்மபுரி மாவட்டத்தில் 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவதே புதுசாக இருந்தது. பணத்தைப் பற்றி வாய் திறக்கக் கற்றுக்கொண்டோம். இனி மனசைப் பற்றியும் வாய் திறப்போம்.

கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் தூக்கத்தில் பல் கடிப்பவர் யார்? எப்போதிலிருந்து?
2. கடைசியாக "பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு" என்று யாருக்குச் சொன்னீர்கள்? அதற்குப் பதில் என்ன சொல்லியிருக்கலாம்?
3. இந்த மாதம் கூட்டத்துக்கு வராமல் இருப்பவர் யார்? ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்டீர்களா?

தீர்மான நோட்டில் எழுத

"ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு வசூலுக்கு முன் 10 நிமிடம், ஒவ்வொருவரும் எப்படித் தூங்குகிறார் என்று கேட்பது. இங்கே பேசியதை வெளியில் பேசுவதில்லை." எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.